இறால் கொள்வனவில் பிறைக் கணக்கு

ஹோட்டலுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ களப்பு இறால் தருவதாக, மாதம் முழுவதற்கும் ஒரே அளவில் வாக்குக் கொடுக்கும் வியாபாரிகளை நான் காண்கிறேன். இது நட்டத்துக்கு வழி. களப்பு எல்லா நாளும் ஒரே அளவில் தருவதில்லை. கரைக்குச் சென்றால் நான் முதலில் கேட்பது "என்ன வலை?" என்பதையே. அடுத்துப் பார்ப்பது பிறையை.

வெள்ளை இறால் போன்றவை கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் களப்புக்குள் வந்து சில மாதங்கள் வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. அப்பயணம் பெரும்பாலும் இரவில், நீர் வற்றும்போதே நடைபெறுகிறது.

நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலை இதற்கென்றே அமைந்தது. முகத்துவாரத்தை ஒட்டிக் கம்புகளை ஊன்றி, பை போன்ற வலையை நீரோட்டத்துக்கு எதிரே வாய் திறந்திருக்கக் கட்டுவார்கள். வலை நின்ற இடத்தில் நிற்கும். ஓட்டமே இறாலைக் கொண்டுவரும். ஓட்டம் தளர்ந்தால் பிடிபாடும் குறையும்.

ஓட்டத்தின் பலம் சந்திரனைப் பொறுத்தது. பிறை 28 முதல் 3 வரையும், 14 முதல் 17 வரையும் வற்றுப்பெருக்கு அதிகம். 8, 22ஆம் பிறைகளை ஒட்டிக் குறைவு. பௌர்ணமியிலும் ஓட்டம் பலமானதுதான். ஆனால் நிலவு வெளிச்சத்தில் பல இன இறால்கள் சேற்றில் புதைந்து அடங்கிவிடும். எனவே அமாவாசையை ஒட்டிய இருட்டு இரவுகளே கட்டுவலைக்கு வாய்ப்பானவை. பிறை 1இன் இரவு முதல்நாள் மஃரிபுடனேயே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்; கலண்டரைப் பார்த்து ஓர் இரவு பிந்திவிடக்கூடாது.

வீச்சு வலைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அதனை வீசுபவர் ஆழமற்ற நீரில் இறால் இருக்குமிடம் தேடிச் செல்கிறார், ஓட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஓட்டம் தளர்ந்த நாட்களிலும் அவரிடம் சிறிதளவாவது கிடைக்கலாம்.

பிறை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதுமில்லை. பெருமழையில் நன்னீர் புகுந்தால் இறால் கூட்டமாகக் கடலை நோக்கி நகரும். மட்டக்களப்பைப் போல் முகத்துவாரம் மணலால் அடைபடும் களப்புகளில், அடைபட்ட காலத்தில் வற்றுப்பெருக்கு உள்ளே எட்டாது. அங்கு பிறைக் கணக்கு பலிக்காது.

இனி வியாபாரத்துக்கு வருவோம்.

1. ஹோட்டல்களுடன் நாள் கணக்கில் பேசாமல், பிறை மாதத்துக்கு இத்தனை கிலோ என்று பேசுங்கள்.

2. இருட்டு இரவுகளுக்கு முன்பே ஐஸையும் கைக்காசையும் தயார்படுத்துங்கள். வரத்து மிகுந்து விலை இறங்கும் நாளில், ஐஸ் உள்ளவரே நிதானமாக வாங்குவார்.

3. கட்டுவலைக்காரர், வீச்சு வலைக்காரர் இருசாராருடனும் தொடர்பு வைத்திருங்கள்.

4. முற்பணத்தை வாரந்தோறும் சமமாகக் கழிக்காதீர்கள். ஓட்டமற்ற வாரத்தில் நெருக்கினால், அவர் அடுத்த இருட்டில் வேறு முதலாளியிடம் போய்விடுவார். நல்ல பிடிபாட்டு நாட்களில் கூடுதலாகக் கழியுங்கள். உங்கள் பணமும் வரும், அவர் வீட்டு அடுப்பும் எரியும்.