தேர்வு யாரைச் சோதிக்க வேண்டும்?

மே மாதம் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் வீட்டிலும் டீக்கடையிலும் தேர்வைப் பற்றிப் பேசப்படுபவற்றில் பாதி உண்மை. மீதி, காலங்காலமாகச் சொல்லிச் சொல்லியே உண்மைபோல் ஆகிவிட்டவை. அவற்றுள் நான்கை மட்டும் பார்ப்போம்.

நம்பிக்கை: தேர்ச்சி விகிதம் ஏறினால் கல்வித்தரம் ஏறிவிட்டது.

2025இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதம் பேரும் பிளஸ் டூவில் 95.03 சதவீதம் பேரும் தேர்ச்சி பெற்றார்கள். இதற்குப் பின்னால் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால், படித்த புத்தகத்திலிருந்து, பழகிய முறையில் கேட்டால் இத்தனை பேரால் 35 மதிப்பெண்ணைத் தாண்ட முடிகிறது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

பழகாத கேள்வி வந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஒருமுறை பார்த்திருக்கிறோம். 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடக்கும் ‘பிசா’ மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2010இல் கலந்துகொண்டன. பாடத்தை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வல்ல அது. ஒரு அறிவிப்பையோ வரைபடத்தையோ கொடுத்து, அதைப் படித்து என்ன விளங்கியது என்று கேட்பது. பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் நாம் கடைசி மூன்று இடங்களுக்குள் வந்தோம். வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 17 சதவீதம். வளர்ந்த நாடுகளின் சராசரி 81. கணிதத்தில் நமக்கு 15, அவர்களுக்கு 75. அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

கேள்விகள் நம் சூழலுக்கு ஒட்டவில்லை என்று அப்போது சொன்னார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அடுத்த சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவே இல்லை. 2021 சுற்றில் சேர முடிவெடுத்தும், கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போன அந்தச் சுற்றிலும் நாம் இல்லை. கசப்பான முடிவைச் சொன்ன சோதனையை ஒதுக்கிவிட்டு, இனிப்பான முடிவைச் சொல்லும் தேர்வை மட்டும் கொண்டாடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

நம்பிக்கை: பின்லாந்தில் தேர்வே கிடையாது. அதனால்தான் அங்கே கல்வி சிறக்கிறது.

பாதிதான் சரி. அங்கே ஒன்பதாண்டு அடிப்படைக் கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் எழுதியாக வேண்டிய நாடு தழுவிய தேர்வு இல்லை. ஆனால் மேல்நிலைக் கல்வியின் முடிவில் ஒரு பொதுத் தேர்வு உண்டு. அதன் வரலாறு 1852இல் தொடங்குகிறது. கீழ்வகுப்புகளிலும் சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். அந்த முடிவு எந்தக் குழந்தையின் தலையெழுத்தையும் தீர்மானிப்பதில்லை. எங்கே கற்பித்தல் பிசகுகிறது என்று அரசுக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

நம்பிக்கை: எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்றால் அதுவே சமநீதி.

இதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை. எங்கோ ஒரு மையத்தில் திருத்துகிற ஆசிரியருக்கு அது யாருடைய தாள் என்றே தெரியாது. பரிந்துரைக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு. பொதுத் தேர்வே வேண்டாம் என்று முழங்குகிறவர்கள் அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வினாத்தாள் ஒன்றாக இருப்பதால் அதற்குத் தயாராகும் வாய்ப்பும் ஒன்றாகிவிடாது. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்து நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையைப் பாருங்கள். 2020–21இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்து மறுபடி எழுதியவர்கள். தமிழ்வழியில் படித்தவர்களின் பங்கு நீட்டுக்கு முன்பிருந்ததைவிட வெகுவாகச் சரிந்திருந்தது. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போக யாரால் முடியும்? கட்டணம் கட்ட வசதியுள்ள, பிள்ளையின் சம்பாத்தியத்தை எதிர்பார்க்காத குடும்பத்தால். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்திராவிட்டால் அவர்களில் பலருக்கு இன்றும் வாசல் திறந்திருக்காது.

நம்பிக்கை: பொதுத் தேர்வு பயம் இருந்தால்தான் படிப்பார்கள்.

5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019இல் அறிவித்த தமிழக அரசு, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. நல்ல முடிவு. பத்து வயதில் ‘பெயில்’ என்று எழுதிக் கொடுத்தால், முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்த குடும்பத்துப் பிள்ளை அன்றோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு.

பிளஸ் ஒன் பொதுத் தேர்வின் கதை வேறு. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017–18இல் இது வந்தது. தவறு செய்தவை பள்ளிகள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதி அதன் சுமையைத் தூக்கியவர்கள் மாணவர்கள். 2025இல் அந்தத் தேர்வு ரத்தானது. இனி அந்தப் பள்ளிகள் பாடத்தை நடத்துகின்றனவா என்று அதிகாரிகள் வகுப்பறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பழைய வழக்கம் திரும்பிவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க வருகிறது, வராதவர்களுக்கு இந்த வருடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.