சிறு தொழிலும் அடக்க விலையும்
(செக்கெண்ணெய்த் தொழில் செய்வோர்க்கு ஒரு பாடம்)

விளைபொருளை விளைந்தபடியே சந்தைக்கு அனுப்பாமல், அதனை ஆட்டியோ, இடித்தோ, காய்ச்சியோ வேறொரு பண்டமாக்கி விற்கும் சிறு தொழில்களில் குடியானவர் பலர் இக்காலத்தில் ஈடுபட்டு வருகின்றனர். வேர்க்கடலையும் எள்ளும் பயிரிடும் ஊர்களில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்பது அவற்றுள் ஒன்று. இத்தகைய தொழிலை எவ்விதம் தொடங்குவது, எந்த இயந்திரத்தை வாங்குவது, எங்கே கடன் பெறுவது என்பன பற்றி எழுதப்பட்டவை ஏராளம். செய்த பண்டத்தின் அடக்க விலை யாது எனக் கணக்கிடும் முறையோ பலருக்குத் தெரிந்திருப்பதில்லை. அதனை அறியாமையால், நல்ல சரக்கும், ஓயாத உழைப்பும், நம்பிக்கையான வாடிக்கைக்காரரும் இருந்தும், சில ஆண்டுகளில் செக்கை விற்றுக் கடனை அடைக்கும் நிலை சிலருக்கு உண்டாகிறது. ஆகவே, வேர்க்கடலைச் செக்கு ஒன்றை உதாரணமாகக் கொண்டு அடக்க விலை காணும் முறை இங்கு விளக்கப்படுகிறது. இதில் காட்டப்படும் விலைகளும் கூலிகளும் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் அவ்விடங்களில் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

1. எடையும் அளவும்

முதலில் அறியவேண்டுவது, வாங்கிய பருப்பில் எவ்வளவு எண்ணெய் கிடைக்கிறது என்பதாகும். வேர்க்கடலைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். எனினும், அது முழுவதும் செக்கில் இறங்குவதில்லை. ஒரு பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். பருப்பின் இனம், முதிர்ச்சி, உலர்ச்சி, ஆட்டுபவரின் கைப்பழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப இது கூடியும் குறைந்தும் வரும்.

100 கிலோ பருப்பு வாங்கியதாகக் கொள்வோர், அதனை உலர்த்தி, கல், மண், சொத்தை நீக்கியபின் 97 கிலோவே செக்கில் இடுவதாக வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து 41 கிலோ எண்ணெய் வடிந்து, தெளியவைத்தபின் அடியில் தங்கும் மண்டி 1 கிலோ போக, 40 கிலோ தெளிந்த எண்ணெய் நிற்கிறது. சிந்தல் சிதறல் போகப் பிண்ணாக்கு 55 கிலோ கிடைக்கிறது.

இங்கு ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். பருப்பை வாங்குவது கிலோவில். எண்ணெயை விற்பது பெரும்பாலும் லிட்டரில். ஒரு லிட்டர் வேர்க்கடலை எண்ணெய் ஒரு கிலோ எடை இராது. சுமார் 910 கிராமே இருக்கும். ஆகவே 40 கிலோ எண்ணெய் என்பது ஏறத்தாழ 44 லிட்டர். லிட்டருக்கு வைத்த விலைக்கே கிலோவை நிறுத்துக் கொடுப்பவர், ஒவ்வொரு 10 கிலோவிலும் ஏறக்குறைய ஒரு லிட்டரை இனாமாகக் கொடுத்தவராகிறார். விலையைச் சொல்லுமுன் எடையா, அளவா என்பதை நிச்சயித்துக் கொள்ளுதல் அவசியம்.

2. பலர் போடும் கணக்கு

சாதாரணமாகச் செக்கு வைத்திருப்பவர், கையிலிருந்து ரொக்கமாய்ப் போனதை மட்டுமே செலவு என்று கொள்கிறார். அக்கணக்கு வருமாறு:

பருப்பு 100 கிலோ, கிலோ ரூ. 120 வீதம் — ரூ. 12,000
வண்டிக் கூலி, சாக்கு — ரூ. 200
உலர்த்தவும் பொறுக்கவும் கூலி — ரூ. 300
மின்சாரம் 15 யூனிட், ரூ. 8 வீதம் — ரூ. 120
பாட்டில், மூடி, விவரச் சீட்டு 44, ரூ. 12 வீதம் — ரூ. 528
ஆக மொத்தம் — ரூ. 13,148
பிண்ணாக்கு 55 கிலோ, ரூ. 40 வீதம் வரவு — ரூ. 2,200
நிகரச் செலவு — ரூ. 10,948

இதனை 44 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ. 249 ஆகிறது. அண்டையிலுள்ள செக்குக்காரர் ரூ. 275க்கு விற்கிறார் என்று கேட்டு, இவர் ரூ. 270 என்று விலை வைக்கிறார். லிட்டருக்கு ரூ. 21 லாபம் என்றும், நாள் ஒன்றுக்கு ரூ. 932 மிச்சம் என்றும் மனநிறைவு கொள்கிறார். மாலையில் பணப்பெட்டியிலும் அத்தொகை இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது லாபமன்று.

3. கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

ரொக்கமாய் வெளியே போகாத செலவுகளும் செலவுகளே. அவை ஐந்து வகைப்படும்.

சொந்த உழைப்பு. செக்கருகே நாள் முழுதும் நிற்பவர் அதே நாளில் வேறோரிடத்தில் வேலை செய்தால் கூலி பெறுவார். வீட்டுப் பெண்டிர் பாட்டில் கழுவி நிரப்புவதும் அத்தகையதே. இதற்கு நாள் ஒன்றுக்கு ரூ. 700 வைக்கலாம்.

தேய்மானம். ரூ. 2,40,000 கொடுத்து வாங்கிய செக்கும் மோட்டாரும் 10 ஆண்டு உழைக்குமானால், ஆண்டுக்கு ரூ. 24,000 பெறுமான இயந்திரம் தேய்ந்துபோகிறது. ஆண்டில் 200 நாள் செக்கு ஓடினால், நாள் ஒன்றுக்கு ரூ. 120. இயந்திரத்தில் ஒரு பகுதியைச் சர்க்கார் மானியமாகப் பெற்றவரும் முழு விலைக்கே தேய்மானம் எழுதுவது நலம். அடுத்த இயந்திரம் வாங்கும் காலத்தில் அந்த மானியம் இருக்குமென்பது நிச்சயமில்லை.

இட வாடகை. சொந்தக் கொட்டகையாயினும், அதனை வேறொருவருக்கு விட்டால் வாடகை வரும். மாதம் ரூ. 6,000 என்றால் ஆண்டுக்கு ரூ. 72,000, நாள் ஒன்றுக்கு ரூ. 360.

முதலுக்கு வட்டி. தொழிலில் முடங்கிய முதல் ரூ. 3,00,000க்கு நூற்றுக்கு 10 வீதம் ஆண்டுக்கு ரூ. 30,000; நாள் ஒன்றுக்கு ரூ. 150.

பழுதும் சில்லறையும். உலக்கை தேய்வு, பட்டை மாற்றுதல், உரிமக் கட்டணம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 122.

இவ்வைந்தும் சேர்ந்து ரூ. 1,452. முன் கண்ட ரூ. 13,148 உடன் கூட்ட ரூ. 14,600 ஆகிறது. பிண்ணாக்கு வரவு ரூ. 2,200 போக மீதி ரூ. 12,400. இதனை 44 லிட்டருக்குப் பங்கிட, அடக்க விலை லிட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ. 282.

ரூ. 270க்கு விற்றவர் நாள்தோறும் ரூ. 520 நஷ்டத்தில் விற்றார் என்பது இப்போது தெளிவாகும். வேறுவிதமாய்ச் சொன்னால், அவர் தம் குடும்ப உழைப்புக்கு ரூ. 700க்குப் பதிலாக ரூ. 180 மட்டுமே பெற்றார். இந்த நஷ்டம் அன்றே தெரிவதில்லை. மோட்டார் எரிந்துபோகும் நாளிலோ, செக்கின் உரல் வெடிக்கும் நாளிலோ, புதியது வாங்கக் கையில் பணமின்றி நகையை அடகு வைக்க நேரும்போதுதான் அது தெரியவருகிறது.

4. அடக்க விலையைக் குறைக்கும் வழிகள்

அடக்க விலை சந்தை விலைக்கு மேற்பட்டிருப்பதாகக் கண்டால், உடனே தொழிலைக் கைவிட வேண்டுவதில்லை. எந்த இனத்தில் குறைக்கலாம் என்பதையும் அக்கணக்கே காட்டும்.

முதலாவது, எண்ணெய்ப் பேறு. தெளிந்த எண்ணெய் 40 கிலோவுக்குப் பதிலாக 38 கிலோவே கிடைத்தால், பிண்ணாக்கு 2 கிலோ அதிகப்பட்டபோதிலும், லிட்டரின் அடக்க விலை ஏறக்குறைய ரூ. 12 ஏறிவிடுகிறது. ஆகையால் ஈரப் பருப்பை வாங்குதல், உலர்த்தாது ஆட்டுதல், எண்ணெய் முற்றும் இறங்குமுன் அவசரப்பட்டுப் பிண்ணாக்கை எடுத்தல் ஆகியவை பெரு நஷ்டம் தருவன.

மலிவாகக் கிடைக்கிறதென்று பூஞ்சணம் பிடித்த பருப்பை வாங்குவது அதனினும் தீது. அத்தகைய பருப்பில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு எண்ணெயிலும் பிண்ணாக்கிலும் சேரும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் கூறு வெளிப்படும். பூஞ்சணம் கண்டதும், சுருங்கியதும், நிறம் மாறியதுமான பருப்பைப் பொறுக்கி நீக்கும் கூலியை ஒருபோதும் மிச்சம் பிடிக்கலாகாது.

இரண்டாவது, செக்கு ஓடும் நாட்கள். தேய்மானம், வாடகை, வட்டி மூன்றும் செக்கு ஓடினும் ஓடாவிடினும் ஆண்டுக்கு ரூ. 1,26,000 ஆகும். 200 நாள் ஓடினால் இதன் பங்கு லிட்டருக்குச் சுமார் ரூ. 14, 120 நாளே ஓடினால் சுமார் ரூ. 24. ஆகவே சொந்தச் சரக்கு இல்லாத நாட்களில் ஊராரின் கடலையையும், எள்ளையும், கொப்பரையையும் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது நன்று. அக்கூலி சிறிதாயினும் சும்மா நிற்கும் இயந்திரத்தின் சுமையை அது குறைக்கும்.

மூன்றாவது, பருப்பு வாங்கும் காலம். அறுவடைக் காலத்தில் விலை தணிந்திருக்கையில் வாங்கி வைப்பது வழக்கம். ஆனால் சேமிப்பில் உண்டாகும் எடைக் குறைவு, வண்டுச் சேதம், முடங்கிய பணத்துக்கு வட்டி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தபின்னரே அது லாபமா என்று முடிவு செய்தல் வேண்டும்.

5. கடனுக்கு விற்பது

பட்டணத்துக் கடைக்கு 100 லிட்டர் கொடுத்து மூன்று மாதம் பணத்துக்குக் காத்திருப்பவர், கடைக்காரருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவரே. அந்த மூன்று மாதமும் பருப்பு வாங்க அவர் வெளியே வட்டிக்கு வாங்க நேரிடலாம். இவ்வட்டியும் அடக்க விலையில் சேரவேண்டியதே.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு தொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலமான உடன்படிக்கை இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கொள்ளலாகாது. உடன்படிக்கை இல்லையேல் 15 நாளுக்குள் பணம் செலுத்தவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி கொடுக்கக் கடமைப்பட்டவராவர். இவ்வுரிமையைப் பெற விரும்புவோர் தொழிலை முன்னதாகப் பதிவு செய்து வைத்தல் வேண்டும். இதற்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடந்து வருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆதலால் தரகருக்குப் பணம் கொடுத்து ஏமாறலாகாது. உணவுப் பண்டமாதலின், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான பதிவோ உரிமமோ பெறுவதும் இன்றியமையாதது. மானியத் திட்டங்களும் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறுவனவாதலால், அவ்வப்போது மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து கொள்ளலாம்.

6. வைக்கவேண்டிய புத்தகங்கள்

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய தேசங்களில் நடத்திய கடைகளுக்கெல்லாம் பேரேடும் குறிப்பும் எழுதி, ஐந்தொகை எடுத்து நிலைமையை அறிந்துவந்தனர். சிறு செக்குக்கு அத்துணை விரிவு தேவையில்லை. மூன்று நோட்டுப் புத்தகங்கள் போதும்.

ஒன்று நாள்வழி: அன்றாட வரவும் செலவும் அன்றன்றே எழுதப்பெறவேண்டும். இரண்டாவது சரக்குப் புத்தகம்: வாங்கிய பருப்பு, ஆட்டிய பருப்பு, கிடைத்த எண்ணெய், பிண்ணாக்கு ஆகியவற்றின் எடை ஒவ்வொரு முறையும் குறிக்கப்படவேண்டும். எண்ணெய்ப் பேறு எந்த நாளில், யாரிடம் வாங்கிய பருப்பில் குறைந்தது என்பதை இதனாலேயே காணலாம். மூன்றாவது ஆள்பேரில் கடன் பற்று: யார் எவ்வளவு, எந்தத் தேதியில் எடுத்தனர், என்று தருவதாகச் சொன்னார்கள் என்பது அதில் இருக்கவேண்டும்.

இவற்றுடன், தொழிற்பணத்தையும் வீட்டுப் பணத்தையும் கலவாதிருத்தல் வேண்டும். வங்கியில் தொழிலுக்கெனத் தனிக் கணக்கு வைத்து, குடும்பத்தார் உழைப்புக்குரிய சம்பளத்தை மாதம் ஒருமுறை அதிலிருந்து எடுத்துக்கொள்வதே ஒழுங்கு. கலியாணச் செலவோ, பள்ளிக் கட்டணமோ நேரும்போது பணப்பெட்டியில் கைவைப்பவருக்கு, தொழில் பிழைத்ததா, தேய்ந்ததா என்பது ஒருநாளும் விளங்காது. தேய்மானத்துக்கு எழுதிய தொகையையும் எழுத்தோடு நிறுத்தாமல், மாதந்தோறும் தனியே சேமித்து வருதல் வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நாட்டு வழக்கு. செக்கு வைத்திருப்போரும், இனி வைக்க எண்ணுவோரும், அடுத்த முறை 100 கிலோ பருப்பு ஆட்டும்போது மேற்கண்ட ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே தம் சொந்தத் தொகையை எழுதிக் கூட்டிப் பார்ப்பாராக. அண்டைக் கடையின் விலையைக் கேட்பது அதற்குப் பிறகு போதும்.