‘தானா மூடிக்கும்’

சில மாதங்களுக்கு முன் எக்கோ அறைக்கு மூன்று வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். எடை ஒன்பது கிலோ. அம்மா வாயே திறக்கவில்லை, பாட்டிதான் பேசினார். “ரெண்டாம் மாசமே இதயத்துல ஓட்டை இருக்குன்னு சொன்னாங்க டாக்டரம்மா. எங்க தெருவுல ஒரு புள்ளைக்கு இதே மாதிரி இருந்து தானா மூடிக்கிச்சு. நம்ம புள்ளைக்கும் மூடிக்கும்னு இருந்துட்டோம். மொத ரெண்டு வருஷம் ஓயாத சளி, ஆஸ்பத்திரி. இப்ப ஒரு வருஷமா சளியே இல்ல. நல்லாத்தான் இருக்கான்.”

அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

‘தானா மூடிக்கும்.’ இருபது வருடமாக இதைக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மருந்துக் கடையில் சொல்கிறார்கள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் சொல்கிறார். சொல்பவர் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: எந்த ஓட்டை?

மூடும் ஓட்டைகள் உண்டு. இரண்டு கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரின் தசைப்பகுதியில் விழுந்த சின்ன ஓட்டை, குழந்தை வளரும்போது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் மூடிவிடும். மேலறைச் சுவரின் நடுவில் நாலைந்து மில்லிமீட்டருக்குள் இருப்பதும் அநேகமாக மூடிவிடும். அந்தத் தெருப் பிள்ளைக்கு இருந்தது இப்படி ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே கீழறைச் சுவரில், வால்வுகளை ஒட்டி ரத்தம் உள்ளே வரும் வாசலில் இருக்கும் பெரிய ஓட்டை மூடாது. மேலறைச் சுவரின் அடியோரத்தில், வால்வுகளை ஒட்டி இருப்பது மூடாது. மேலே, பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் இருப்பதும் மூடாது. ஐந்து வருடம் காத்தாலும் ஐம்பது வருடம் காத்தாலும் அவை அப்படியேதான் இருக்கும். இத்தனையையும் ‘ஓட்டை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, ஒரு பிள்ளைக்கு நடந்ததை இன்னொரு பிள்ளையின் தலையில் எழுதுகிறோம்.

பெரிய ஓட்டை என்ன செய்யும் என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தாய் வயிற்றில் குழந்தையின் நுரையீரலுக்கு வேலையில்லை. அதன் ரத்தக்குழாய்கள் சுருங்கியே இருக்கும். பிறந்த பிறகு சில வாரங்களில்தான் அவை மெல்ல விரிகின்றன. விரிய விரிய, அழுத்தம் கூடிய இடப்பக்கத்திலிருந்து ரத்தம் ஓட்டை வழியாக வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிறைக்கும். “பொறந்தப்ப டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரே” என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இதுதான் பதில். அன்றைக்கு ஸ்டெதாஸ்கோப்பில் கேட்க ஒன்றும் இருந்திருக்காது. ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில்தான் தெரியவரும்.

எப்படித் தெரியும்? குழந்தை நாலு வாய் சப்பும், விடும், மூச்சு வாங்கும், மறுபடி நாலு வாய். தலைக்கு மேல் மின்விசிறி ஓடும், ஆனாலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்த்திருக்கும். விலாவுக்குக் கீழே வயிறு உள்வாங்கி உள்வாங்கி எழும். கால் மணியில் முடிய வேண்டிய பால் ஒரு மணி நேரம் இழுக்கும், பாதியில் களைத்துத் தூங்கிவிடும். நம் வீடுகளில் இதற்குப் பெயர் தோஷம். வசம்பு கட்டுவார்கள், மந்திரிப்பார்கள், தாய்ப்பால் பத்தவில்லை என்று அந்தப் பெண்ணைத் திட்டுவார்கள். பால் குடிக்கும்போது குழந்தைக்கு வியர்த்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பாட்டி சொன்னதற்கு வருகிறேன். வருடக்கணக்கில் அளவுக்கு மீறிய ரத்தம் அழுத்தத்தோடு பாய்ந்தால் நுரையீரலின் குழாய்கள் தடித்து இறுகும். இறுகியதும் உள்ளே போகும் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்தால் நுரையீரலில் நீர்க்கோர்ப்பு குறையும், சளி குறையும், மூச்சிரைப்பும் குறையும். இதய இரைச்சல்கூடத் தணிந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஓட்டை மூடிவிட்டது என்று நினைப்பார்கள். ஓட்டை அப்படியே இருக்கும், நுரையீரல்தான் கெட்டிருக்கும். இன்னும் சில வருடம் போனால் ரத்தம் எதிர்த்திசையில் பாய ஆரம்பித்து உதடும் நகமும் நீலமாகும். 1897இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 32 வயது ஆண் ஒருவரிடம் இதைப் பார்த்து எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் இதை அழைக்கிறோம். அந்த நிலைக்குப் போய்விட்டால் ஓட்டையை மூடக் கூடாது. வலப்பக்க இதயத்துக்கு மூச்சுவிட இருக்கும் ஒரே வழி அதுதான். மாத்திரைகள் இருக்கின்றன. அவை சிரமத்தைக் குறைக்கும், இறுகிய குழாயைப் பழையபடி ஆக்காது.

அந்தப் பையனைக் கதீட்டர் சோதனைக்கு அனுப்பினோம். ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தும் நுரையீரல் குழாய்கள் இளகவில்லை. ஆறாவது மாதத்தில் வந்திருந்தால் அறுவை சிகிச்சை முடிந்து, அவன் இன்று பால்வாடியில் ஓடிக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டியிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது? நான் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று மதியம் சாப்பிட முடியவில்லை.

இதே வதந்திக்கு ஒரு தம்பி உண்டு: ‘எடை கூடட்டும், பத்து கிலோ ஆனதும் பாத்துக்கலாம்.’ ஓட்டையால்தான் எடை கூடவில்லை. குடிக்கும் பாலையெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவழிக்கும் குழந்தை எங்கே போய் எடை போடும்? கீழறையில் பெரிய ஓட்டை என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே மூடச் சொல்கிறோம். நாலு கிலோக் குழந்தைக்கும் இன்று இந்த அறுவை சிகிச்சை வழக்கமாக நடக்கிறது. காத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்ன ஓட்டைக்கு நானும் காத்திருக்கத்தான் சொல்கிறேன். ஆனால் அடுத்த எக்கோவுக்குத் தேதி குறித்துக் கொடுத்து, அந்தத் தேதியில் வரச் சொல்கிறேன். தேதி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குக் காத்திருத்தல் என்று பேர் வைக்காதீர்கள்.

மற்ற வதந்திகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ‘இரைச்சல் பெருசா கேக்குதாம், அப்ப ஓட்டையும் பெருசு.’ பெரும்பாலும் நேர்மாறு. சின்ன இடுக்கில் பீறிடும்போதுதான் சத்தம் அதிகம். ஆன்ரி ரோஜே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1879லேயே இதை எழுதிவிட்டார். ‘ஓட்டை வழியா ரத்தம் வெளிய கசியும்.’ கசியாது. அது அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவர். ‘ஓடக் கூடாது, ஆடக் கூடாது.’ முழுதாகச் சரிசெய்யப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓடலாம், ஆடலாம். எதற்கு யாரை நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வோம், பி.டி. ஆசிரியரே முடிவெடுக்க வேண்டாம். ‘இதயக் குழந்தைக்குத் தடுப்பூசி ஆகாது.’ மற்றப் பிள்ளைகளைவிட அதற்குத்தான் அதிகம் தேவை.

கிரகணம். ஏழாம் மாதத்தில் கிரகணம் பார்த்ததால் இதயத்தில் ஓட்டை என்று மாமியார் சொல்ல, அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுகிறாள். கருவின் இதயம் மூன்றாம் வாரத்தின் முடிவிலேயே துடிக்க ஆரம்பிக்கிறது. எட்டாம் வாரத்துக்குள் சுவர்கள் எழும்பி முடிந்துவிடும். பல பெண்களுக்கு அப்போதுதான் கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்கும். ஏழாம் மாதக் கிரகணம் இரண்டாம் மாதத்துச் சுவரை எப்படித் துளைக்கும்? நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று ஏதோ ஒரு பிறவி இதயக் குறையோடு பிறக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னது என்று சுட்டவே முடியாது. சுட்ட முடிகிற சில காரணங்களை வீட்டில் யாரும் வாயெடுத்துப் பேசுவதில்லை: கர்ப்பத்துக்கு முன்பே இருந்து கட்டுப்படாத சர்க்கரை, சில வலிப்பு மாத்திரைகள், தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுவது, ருபெல்லா.

ருபெல்லாவைச் சொல்லும்போது கோபம் வருகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் வந்தால் குழந்தைக்குக் கண்புரை வரலாம் என்று ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் கண்டுசொன்னார். அவர் பார்த்த குழந்தைகளில் பலருக்கு இதயக் குறையும் இருந்தது. தடுக்க ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. அதே வீடுகளில்தான் கிரகணத்துக்குக் கதவைச் சாத்துகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறப்பிலிருந்து 18 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. பிறவி இதயக் குறையும் அதன் பட்டியலில் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நகையை அடகு வைத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று யாரும் நாள் கடத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு: ஃபைல். ஓட்டை எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், அன்றைக்கு எடை என்ன, ஆக்சிஜன் அளவு என்ன, அடுத்து எப்போது. அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. இவ்வளவும் ஒரே ஃபைலில் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு அப்பா மகளின் எக்கோ படத்தைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேட் செய்து கொண்டுவந்தார். அந்தப் படம் வெப்பத்தில் அச்சாகும் தாள். லேமினேட் செய்த சூட்டில் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார், கறுப்பு அட்டையை. லேமினேட் செய்யாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், போனில் படம் பிடித்து வையுங்கள்.

தெரியாமல் கெடுப்பது ஒரு பக்கம். வேண்டுமென்றே அழிப்பதையும் பார்க்கிறேன். சம்பந்தம் பேசும் நேரத்தில் பெண்ணின் மருத்துவத் தாள்கள் அடுப்புக்குப் போகின்றன. போன வருடம் 24 வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு மாதக் கர்ப்பத்தோடு, தாயுடன் மட்டும் வந்தாள். நெஞ்சின் நடுவே நீளமான தழும்பு. “சின்ன வயசுல விழுந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிருக்கோம் மேடம்” என்றாள். என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்று அவளுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கர்ப்பம் அவளுக்குச் சாதாரணமானதா, உயிருக்கே ஆபத்தானதா என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. தாயிடம் கேட்டேன். எந்த வருடம் என்பதும் நினைவில்லை. வெகுநேரம் கழித்து, “இவ தம்பி பொறந்து நாப்பதாம் நாள் ஆபரேஷன்” என்றார். தம்பியின் பிறந்த தேதியை வைத்து, அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பழைய பதிவேட்டில் தேடச் சொன்னோம். நாலாம் நாள் தகவல் வந்தது. கீழறைச் சுவர் ஓட்டை, ஒட்டுப்போட்டு முழுதாக மூடியது. எக்கோவில் நுரையீரல் அழுத்தமும் சரியாக இருந்தது. அடுத்த முறை வரும்போது கணவரை அழைத்து வந்தாள். புது ஃபைல் அவர் கையில் இருந்தது.