உறுதியைப் பார்த்தோம், கிணற்றைப் பார்த்தோமா?

கடைக்கு அரிசி மூட்டை வந்தால், குத்தூசியால் குத்தி நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நம்மில் எவரும் பணம் கொடுப்பதில்லை. ஆனால் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி ஒரு வீட்டை வாங்கும்போது, அந்த வீட்டார் குடிக்கப்போகும் தண்ணீரையும் அவர்களின் கழிவு போய்ச் சேரும் குழியையும் நாம் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அந்த நஷ்டத்தில் கற்ற பாடத்தையே இவ்வாரம் எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், மூத்த மகளின் குடும்பத்துக்காக எங்கள் ஊரிலேயே 10 பேர்ச் காணியும் வீடும் 60 இலட்சத்துக்குப் பேசி முடித்தேன். உறுதியை நொத்தாரிசு பார்த்தார். எல்லையை நில அளவையாளர் பார்த்தார். கூரையையும் சுவரையும் மேசன் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை நான் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். இளநீர் போல இருந்தது. அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

அந்த வருட மாரியில் உண்மை வெளிவந்தது. குழி நிரம்பி, அழுக்குத் தண்ணீர் குளியலறைக்குள் ஏறியது. இரண்டு வயதுப் பேரனை வயிற்றோட்டத்துடன் நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். மலத்திலிருந்து வரும் பக்டீரியா அதில் இருப்பதாக அறிக்கை வந்தது. பிறகுதான் நாடா பிடித்து அளந்தோம். எங்கள் குழி கிணற்றிலிருந்து 24 அடி. மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி 17 அடி. இரண்டுமே அடியில் சீமெந்து போடாத வெறும் குழிகள்.

இடத்தின் கணக்கு

ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அனர்த்த காலங்களில் உதவி நிறுவனங்கள் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோல் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி கேட்கிறது. குழியின் அடிப்பாகம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேல் 1.5 மீற்றராவது இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற கரையோர மணல் ஊர்களை எண்ணிப் பாருங்கள். வீடுகள் நெருக்கம், மாரியில் நீர்மட்டம் மேலேறும், மணலோ தண்ணீரை வேகமாகக் கடத்தும். நம் வளவில் மூலைக்கு மூலை 50 அடியைக் கண்டுபிடித்தாலும், அந்த மூலைக்கு அடுத்தாற்போல் அயலவரின் குழி இருக்கலாம். தண்ணீருக்கு மதில் தெரியாது.

எது செப்டிக் டேங்க்?

விற்பவர் "செப்டிக் டேங்க் இருக்கு" என்பார். நாலு கொட்டை இறக்கி மேலே சிலாப் போட்டால் அது செப்டிக் டேங்க் ஆகாது. உண்மையான டேங்க் அடியும் பக்கமும் பூசி அடைக்கப்பட்டது. அதில் கனமானவை அடியில் படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். அடியில் படிந்ததைச் சில வருடங்களுக்கு ஒரு முறை பவுசர் கொண்டுவந்து எடுத்தாக வேண்டும். "இருபது வருடமாக இறைக்கவே இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் மகிழாதீர்கள். அது நிரம்பாததற்குக் காரணம், எல்லாம் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதாக இருக்கலாம்.

அட்வான்ஸுக்கு முன் செய்ய வேண்டியவை

1. சிலாப்பைத் திறந்து பாருங்கள். திறக்க வழியே இல்லாத குழி, இதுவரை இறைக்கப்படாத குழி. கடைசியாக எப்போது இறைத்தார்கள் என்று கேட்டு, பற்றுச்சீட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

2. நாடாவைப் பிடித்து, உங்கள் குழியிலிருந்து மட்டுமன்றி மூன்று பக்க அயலவர்களின் குழிகளிலிருந்தும் கிணற்றுக்கு உள்ள தூரத்தை அளவுங்கள்.

3. கோடையில் பார்த்த வீட்டை மாரியிலும் ஒரு முறை பாருங்கள். கோடை கிணற்றின் வற்றலைக் காட்டும். மாரி குழியின் குறையைக் காட்டும்.

4. தண்ணீரை நாக்கால் சோதிக்காதீர்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். தொற்று நீக்கிய போத்தலை அவர்களிடமே வாங்கி, எடுத்த மாதிரியை ஐஸில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். பக்டீரியாவுடன் நைத்திரேற்றையும் உப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் பக்டீரியா சாகும், நைத்திரேற்று போகாது. அதன் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து.

5. கரையோரமாயின் மோட்டாரின் வலுவையும் கேளுங்கள். மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து கிடக்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது இதைக் கண்டோம்.

6. குழாய் நீர் இருக்கிறது என்று குழியை மறந்துவிடாதீர்கள். குழாய் வந்தால் தண்ணீர்ப் பாவனை கூடும். அந்தத் தண்ணீரும் அதே குழிக்குத்தான் போகும்.

இவற்றில் குறை கண்டால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. திருத்தும் செலவை மேசனிடம் கேட்டு எழுதி, விலையில் கழித்துப் பேசுங்கள். நீர் அறிக்கை வந்த பின்பே அட்வான்ஸ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் அப்படிச் செய்யாததால் நாலரை இலட்சம் மேலதிகமாகப் போனது. எங்கள் குழியை மட்டும் கட்டிப் பயனில்லை என்பதால் அயலவரிடம் போனேன். "காக்கா, உங்கட குழியையும் சேத்துக் கட்டுவம், செலவுல அரைவாசி என்ட பொறுப்பு" என்றேன். அவர் மறுக்கவில்லை. அவரது கிணறும் எங்கள் குழிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்று குடிப்பதற்குக் குழாய் நீர். கிணறு கழுவுவதற்கு மட்டும்.

வீட்டை விற்றவரும் ஒரு வியாபாரிதான். பின்னர் சந்தித்தபோது கேட்டேன். "நீங்க கேக்கல்லயே" என்றார். சரக்கின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நாம் சிறுவயதிலேயே ஓதிப் படித்தது. அது மூட்டைக்கு மட்டும் உரியதல்ல. வாங்கும்போது கேளுங்கள்; விற்கும்போது கேட்காமலே சொல்லுங்கள்.