கட்டி வைத்த பெட்டி

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நம் லயங்களில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை ஏ.எல். படிக்க விடுவதா, கொழும்புக்குக் கடைக்கு அனுப்புவதா? கேட்டால் பல வீடுகளில் கிடைக்கும் பதில், "பாப்போம் சேர், இப்போதைக்குப் போகட்டும்." அந்தப் "பாப்போம்" பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

நமது மூத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான 975,000 பேரைப் பற்றி 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நம்மைக் கேட்டுச் செய்தார்களா? இல்லை. ஆனாலும் எந்த நாட்டுக்கு மனுப் போடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது.

போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில், அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கன்று நட்டார்கள். இங்கே நின்றவர்கள் இங்கே வேரூன்றினார்கள். இரண்டும் கஷ்டந்தான். ஆனால் இந்தியாவுக்கு மனுப் போட்டுவிட்டுப் போக முடியாமல் நின்றவர்களின் கஷ்டம் வேறு மாதிரி. யுத்தத்தால் 1984இல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் அவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதுவரை பெட்டி கட்டியபடியே கிடந்த வீடுகள் உண்டு. "போகப் போறவங்களுக்கு எதுக்கு?" என்று முற்றத்தில் ஒரு கொய்யாக் கன்றுகூட வைக்கவில்லை. பிள்ளையின் படிப்பையும் அப்படியே விட்டார்கள். பெட்டி போகவில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டது.

அன்று கப்பலை நிறுத்தியது யுத்தம். இன்று நம் பிள்ளைகளை நிறுத்துவது யார்?

ஏ.எல்.லுக்குச் சேர்த்துவிட்டு, கொழுந்து கூடிய நாளில் "இன்னைக்கு வீட்டுல நில்லு, தம்பியைப் பாரு" என்கிறோம். பஸ் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். பிள்ளைக்கு விளங்கிவிடும், வீட்டில் யாருக்கும் இதில் நம்பிக்கை இல்லையென்று. பிறகு அது எப்படிப் படிக்கும்? பெண் பிள்ளை என்றால் டவுனில் தங்க வைக்கத் தாய்க்குப் பயம். பயம் நியாயமானது, அதைப் பேசித் தீர்க்க வேண்டும், பேசாமல் இழுத்தடிக்கக் கூடாது.

கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கத்தியை அரை மனதோடு வீசினால் கொம்பு பிளந்து, பட்டுப்போகும். ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அதன்பின் சில மாதம் மலை மொட்டையாகத்தான் கிடக்கும். யாரும் பயந்து செடியைப் பிடுங்குவதில்லை.

ஏ.எல். என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம். வீட்டுக்கு ஒரு சம்பளம் குறையும், உண்மை. ஆனால் பத்தனை ஸ்ரீபாத கல்விக் கல்லூரிக்குப் போய் ஆசிரியராவதற்கு அந்தப் பரீட்சைதான் வாசல். படிப்பு வேண்டாம் என்று பிள்ளையே சொன்னால், கடைக்கு அனுப்பாமல் தொழிற்பயிற்சி அதிகார சபையில் ஒரு தொழிலைச் சான்றிதழோடு முடிக்க விடுங்கள். அதுவும் முழு முடிவுதான்.

பெறுபேறு வந்த கிழமையே தாய், தகப்பன், பிள்ளை மூவரும் உட்காருங்கள். பஸ், கொப்பி, தங்குமிடம் என்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். யார் எதைக் கொடுப்பது என்றும் எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்ப அந்தத் தாளோடு ஆபிசுக்கு வாருங்கள்.