ஸ்கோர் ஷீட்டும் டிராயிங் ஷீட்டும்

(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல்)



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, மெக்கானிக்கல் பையன் லேத்தைப் பற்றியோ சி.என்.சி.யைப் பற்றியோ எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது சிம்பொனி எழுதுகிறவரின் வேலையைப் பற்றி. "உனக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று பெஞ்சு நண்பன் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் வாடிப்பட்டிக்காரன். எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னாலே மதுரைப் பக்கத்தில் எல்லோருக்கும் மேளம்தான் ஞாபகம் வரும். என் அப்பா நையாண்டி மேளத்தில் பம்பை வாசிக்கிறவர். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு. மொத்தம் ஆறு பேர். இத்தனை வருஷத்தில் அந்த ஆறு பேருக்கும் எழுதி வைத்த ஒரு வரி கிடையாது. நாதஸ்வரக்காரர் புருவத்தைத் தூக்கினால் நடை மாறும், தலையை ஆட்டினால் தீர்மானம் விழும். அவ்வளவுதான்!

2025 மார்ச் 8ந் தேதி லண்டனில் ஈவென்டிம் அப்போலோ அரங்கத்தில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. ராயல் பில்ஹார்மனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, மைக்கேல் டாம்ஸ் என்பவர் நடத்தினார். அதைப் பற்றிய செய்தியை வீட்டில் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கேட்டார்: "ஏண்டா, அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி ஒரு தாளு வச்சிருக்காய்ங்களே, அதுல என்னதேன் எழுதியிருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தாண்டியது நான் ஒருத்தன்தான். "படிச்ச புள்ளை" என்று நம்பிக் கேட்கிறார், தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். நண்பர்களே, அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளுக்கு 'பார்ட்' என்று பெயர். வயலின்காரருக்கு வயலின் பார்ட், டிரம்பெட்காரருக்கு டிரம்பெட் பார்ட். அவரவர் வாசிப்பது மட்டும் அதில் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மூலமான பெரிய தாள் ஒன்று உண்டு. அதுதான் 'ஃபுல் ஸ்கோர்'. நம் பாஷையில் சொன்னால் ஃபுல் ஸ்கோர் அசெம்பிளி டிராயிங், பார்ட் என்பது பார்ட் டிராயிங். பேரே ஒன்றாக இருப்பதைப் பாருங்கள்!

ஃபுல் ஸ்கோரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஐந்து கோடு கொண்ட ஒரு வரிசை. மேலே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அதன் கீழே ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. அடுத்து தாள வாத்தியங்கள். அடியில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது. மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஒரே நொடியில் யார் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரியும். பிளானும் எலிவேஷனும் ஒரே நேர்கோட்டில் இறங்க வேண்டும் என்று டிராயிங் சார் அடித்துச் சொல்வாரே, அந்த மாதிரி இங்கே எல்லா வரிசையும் கோட்டுக்குக் கோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சில வாத்தியங்களுக்கு எழுதுவது ஒன்று, கேட்பது ஒன்று. பி ஃப்ளாட் கிளாரினெட்டில் தாளில் 'சி' என்று இருப்பதை வாசித்தால் காதில் விழுவது அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே. நம் கணக்கில், ஸ என்று எழுதினால் கீழ் ஸ்தாயி கைசிகி நிஷாதம் கேட்கும். எஃப் ஹார்னில் ஸ என்று எழுதினால் கீழ் ஸ்தாயி ம கேட்கும். டபுள் பாஸ் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழேதான் எப்போதும் ஒலிக்கும். ஆகவே எழுதுகிறவர் மனசுக்குள் கேட்பதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மாற்றிக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். இதோடு முடியவில்லை. புல்லாங்குழலின் கீழ் ஸ்வரங்கள் மெலிசானவை. அந்த இடத்தில் டிரம்பெட்டையும் சேர்த்து முழங்கவிட்டால் குழல் காணாமல் போய்விடும். ஊதுகிறவர் மூச்சு வாங்க இடம் விட வேண்டும். வயலின் வில் எங்கே மேலே போகும், எங்கே கீழே வரும் என்று யோசிக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் எழுதினால் பேப்பரில் அழகாக இருக்கும், வாசித்தால் கூச்சல்தான்.

இதன் அளவைப் புரிந்துகொள்ள நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உதாரணத்துக்கு 40 நிமிஷ சிம்பொனி, நாலு எண்ணிக்கைத் தாளம், நிமிஷத்துக்கு 80 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 20 ஆவர்த்தம், மொத்தம் 800. வாத்திய வரிசை 20 என்றால் நிரப்ப வேண்டிய கட்டம் 16,000! இளையராஜா தன் சிம்பொனியை 35 நாளுக்குள் எழுதி முடித்ததாகச் சொல்லியிருக்கிறார். நம் உதாரணக் கணக்கை 35 நாளில் முடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 457 கட்டம். பாதிக் கட்டம் ஓய்வுக் குறி என்றே வைத்தாலும் கை வலிக்காதா? நமக்கு ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து ஷீட் போடுவதற்குள் எத்தனை முறை மினி டிராஃப்டரைத் தூக்கிப் போடுகிறோம்!

இந்த அளவுக்கு எதற்கு எழுதவேண்டும்? அப்பாவின் மேளத்தைப் போல வாயால் சொல்லிக்கொடுத்தால் ஆகாதா? ஆறு பேர் பல வருஷம் சேர்ந்து வாசித்தால் ஆகும். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பவர்கள் எழுபது எண்பது பேர். இவர் முகத்தையே முன்னே பின்னே பார்த்திராதவர்கள். ரிகர்சலுக்குக் கிடைப்பது சில மணி நேரம், அதுவும் எல்லோருக்கும் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும் மணி நேரம். "இந்த இடத்தில் என்ன சார்?" என்று ஒருவர் கை தூக்கினால் எண்பது பேர் சும்மா உட்கார வேண்டும்.

இதை நான் அனுபவத்தில் உணர்ந்தவன். இரண்டாம் ஆண்டில் ஒரு ஸ்டெப்டு ஷாஃப்ட் வரைந்து கொடுத்தேன். ஒரே ஒரு ஸ்டெப்பின் நீளம் போட மறந்துவிட்டேன். லேத்தில் நின்ற நண்பன் குத்துமதிப்பாகக் கடைந்துவிட்டான். பேரிங் உட்காரவில்லை, ராடு வேஸ்ட். அவன் மேல் கோபப்பட்டேன். சார் என்னைத்தான் திட்டினார். "நாளைக்கு உன் டிராயிங் ஹோசூருக்குப் போகும். நீயும் கூடவே போயி மெஷின் பக்கத்துல நின்னு சொல்லுவியாடா?" அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

பண்ணைப்புரத்தில் பிறந்து லண்டன்காரர்களுக்கு எழுதியவருக்கும் இதே வேலைதான். பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை ஜில்லா, இன்றைக்குத் தேனி மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அங்கே ஏது நொட்டேஷன்? அதுவும் நம் மேளம் போலக் கண்ணால் பேசிக்கொள்ளும் கச்சேரிதான். 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்த பிறகுதான், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றார். லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிடார் பரீட்சையும் எழுதித் தேறினார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976ல் 'அன்னக்கிளி'யில் இசையமைப்பாளர் ஆனார். நம் வயதைத் தாண்டிய பிறகு கற்ற எழுத்து அது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சினிமாவில் ஹார்மோனியத்தில் மெட்டுப் போட்டுவிட்டு, வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவதை அரேஞ்சரிடம் விட்டுவிடுவது சகஜம். அதில் தவறில்லை. இவர் அப்படியல்ல. படத்தைப் போட்டுப் பார்ப்பார், பேப்பரை எடுப்பார், பியானோவைத் தொடாமலே அத்தனை வாத்தியத்துக்கும் எழுதிவிடுவார். உதவியாளர்கள் அதைப் பார்ட் பார்ட்டாகப் பிரித்துப் பிரதி எடுப்பார்கள். பிறகு கால்ஷீட் நேரத்துக்குள் ரிகர்சல், டேக். பிரசாத் ஸ்டுடியோவில் பல்லாண்டு காலம் இப்படித்தான் காலை ஏழு மணிக்கு வேலை ஆரம்பிக்கும். 2021ல் சொந்த ஸ்டுடியோ திறந்துவிட்டார். ஆயிரம் படம் என்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் பாட்டு போக ரீல் ரீலாகப் பின்னணி இசை. யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலைக்கு நடுவில்தான் படம் சாராத இசையும் எழுதினார். 1986ல் 'ஹவ் டு நேம் இட்', தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக. 1988ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 2005ல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு திருவாசகம். இதை எல்லோரும் சிம்பொனி என்றே சொல்கிறோம். குரலும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த அந்த மாதிரியான படைப்பை ஆரட்டோரியோ என்று சொல்வதுதான் பொருத்தம் என்பது என் சின்ன அபிப்பிராயம். ஹங்கேரிக்காரருக்கு மாணிக்கவாசகரைத் தெரியாது, தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. தாளைப் பார்த்தார், வாசித்தார்.

1993ஐயும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த வருஷமே லண்டனில் ராயல் பில்ஹார்மனிக் ஆர்க்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் நடத்த, இவருடைய சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. அந்தப் பதிவு இன்றுவரை வெளிவரவில்லை. எழுதி, வாசித்து, பதிவும் செய்த உழைப்பு அலமாரியில். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் தினமும் காலையில் பேப்பரை எடுத்து உட்கார்ந்து, 81 வயதில் இன்னொன்றை அரங்கேற்றியிருக்கிறார். நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

சரி, படத்துக்கு எழுதாத கம்போசர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? ஹைடன் 1761ல் எஸ்டர்ஹாசி என்ற பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, இன்றைக்கு என்ன இசை வேண்டும் என்று தினமும் முன் அறையில் நின்று கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுதியதெல்லாம் பிரபுவுக்கே சொந்தம். நூற்றுக்கு மேல் சிம்பொனி எழுதியவருக்கு அந்த நிலை! பாஹ் 1723ல் லைப்சிக் போனபின் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புதுப் படைப்பு. பார்ட் எழுத மனைவி, பிள்ளைகள், மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் காலத்தவர் ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபிலிப் கிளாஸ். நியூயார்க்கில் பிளம்பர் வேலை செய்தவர், டாக்ஸி ஓட்டியவர். அன்னக்கிளி வந்த அதே 1976ல் அவருடைய ஓபரா மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் டிக்கெட் தீர்ந்து நடந்தது. அதற்குப் பிறகும் கடனை அடைக்க டாக்ஸிதான் ஓட்டினார். நாற்பது வயது தாண்டித்தான் எழுதிப் பிழைக்க முடிந்தது. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்தை வைத்து 'சத்தியாகிரகா' என்ற ஓபராவை 1980ல் அரங்கேற்றியவரும் அவர்தான்.

இன்றைக்கு எழுதித் தரச் சொல்லி வரும் கமிஷன் பணம், பார்ட் வாடகை, ராயல்டி, பாடம் சொல்லிக்கொடுப்பது என்று கலந்துதான் பலருக்கு ஜீவனம். நம் நாட்டில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமையை வலுவாக்கியது 2012ல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம். டிராயிங் போர்டுக்கு ஆட்டோகேட் வந்த மாதிரி ஸ்கோர் எழுதவும் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. 1988ல் வந்த 'ஃபினாலே' 2024ல் நிறுத்தப்பட்டது, வேறு சில இருக்கின்றன. ஆனால் டிரான்ஸ்போஸ் கணக்கை அது போடும், குழல் அமுங்கிப் போகுமா என்பதை எழுதுகிறவர்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஸ்கோரின் முதல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன். 1808ல் வியன்னாவில் அரங்கேறியது. பக்கத்தில் ஒவ்வொரு வரிசையாகக் காட்டினேன். ஆரம்பத்தில் வாசிப்பது வயலின் வகையறாவும் கிளாரினெட்டும் மட்டும். மற்ற எல்லோருக்கும் ஓய்வுக் குறி.

"சும்மா இருக்கிறதையுமாடா எழுதி வப்பாய்ங்க?"

"ஆமாப்பா. எப்ப சும்மா இருக்கணும்னு தெரிஞ்சாத்தேன எப்ப சேர்றதுன்னு தெரியும்."

வாசிக்கிறவர்களுக்கும் முதல் குறி ஓய்வுதான், அரை எண்ணிக்கை. பிறகு மூன்று சின்ன அடி, ஒரு நீண்ட அடி. விரலை வைத்துக் காட்டினேன். அப்பா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அரை இடம் தள்ளி எடுப்பு" என்றார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் அரையை மூச்சில் விட்டு, தொடையில் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.