கணினி அறிவோம்: ஒளிந்து கொள்ளும் ஜன்னல்கள்

நம்ம லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். பீரியட் 40 நிமிஷம். ஆளுக்குப் பத்து நிமிஷம்தான். அதில் பாதி, "நான் டைப் பண்ணது எங்க போச்சு?" என்று தேடுவதிலேயே போய்விடுகிறது. அது எங்கேயும் போகவில்லை. வேறொரு ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறது. (புத்தகத்தில் சாளரம் என்று இருக்கும்.)

1985-ல் வந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி பக்கம் பக்கமாக இருக்கும். 1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. ஏறினால் அடியில் இருப்பது மறையத்தானே செய்யும்? 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது திரையின் அடியில் டாஸ்க்பார் வைத்தார்கள். திறந்திருப்பது எல்லாம் அதில் தெரியும். காணோம் என்றால் முதலில் அங்கே பாருங்கள். ஆல்ட் கீயை விடாமல் பிடித்துக்கொண்டு டேப் கீயைத் தட்டினால் ஒவ்வொன்றாக மாறும்.

ஜன்னலின் மூலையில் கோடு, சதுரம், பெருக்கல் குறி இருக்கிறதல்லவா? கோட்டை அழுத்தினால் மூடிவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். மூடாது, கீழே இறங்கி நிற்கும். நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்து வருபவர் அதே பெயிண்டை மறுபடி திறப்பார். இப்படியே ஐந்தாறு சேர்ந்தால் கம்ப்யூட்டர் திணறும். நாம் மவுஸைத் திட்டுவோம். அது என்ன செய்யும் பாவம்!

அதைவிட மோசம், கீழே இறங்கி நிற்பதில் ஒருத்தர் சேமிக்காத கட்டுரை இருக்கலாம். மூடும்போது "சேமிக்கவா?" என்று கேட்கும். நம்முடையது இல்லையே என்று 'வேண்டாம்' அழுத்திவிடாதீர்கள். சேமித்துவிட்டு மூடுங்கள். யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டரில் கரண்ட் போனால் அந்தக் கேள்விகூட வராது. அதனால் எழுந்திருக்கும் முன் கன்ட்ரோல் + எஸ், பிறகு பெருக்கல் குறி.

விண்டோஸ் கீ + டி அழுத்தினால் எல்லா ஜன்னலும் இறங்கி டெஸ்க்டாப் தெரியும். மறுபடி அழுத்தினால் பழையபடி வந்துவிடும். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸ் கீ + இடது அம்பு அழுத்தினால் ஜன்னல் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றை வலது பக்கம் ஒட்டினால், பார்த்துப் பார்த்து டைப் அடிக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

டெஸ்க்டாப்பும் ஒரு ஃபோல்டர்தான். அங்கே ஒரே மாதிரி 'நியூ ஃபோல்டர்' ஏழெட்டு கிடந்தால் யாருடையது எது? எஃப்2 அழுத்தி வகுப்பும் பெயரும் போடுங்கள். ஐகானின் மூலையில் சின்ன அம்பு இருந்தால் அது வெறும் குறுக்குவழி, அழித்தாலும் புரோகிராம் போகாது. அம்பு இல்லாதது உண்மையான ஃபைல். யாரையும் கேட்காமல் அதில் டெலிட் அழுத்தக் கூடாது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி